தலையைக் கட்டிப்போடறதுக்கு முன்னாடி முட்டிக்குக் கீழ தலகாணி வைங்க: ஸ்கேன் ரூமுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

நான் சிங்கப்பூர்ல மூளையை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கற ஒரு லேப்ல ஆர்ஏ-வா, அதாவது ஆராய்ச்சி உதவியாளரா, சேர்ந்த மூணாவது வாரம். என்எஸ், அதாவது தேசிய சேவை, முடிச்சுட்டு யூனி தொடங்கறதுக்கு முன்னாடி கைச்செலவுக்காக ஒரு பையன் ஸ்கேனுக்கு வந்தான், நல்ல உயரம். தலை ஆடக்கூடாது, தலை ஆடக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி என்னை பயமுறுத்தி வச்சிருந்தாங்களா, நானும் அவன் தலைக்கு ரெண்டு பக்கமும் ஃபோமைத் திணி திணினு திணிச்சு, தேக்கா மார்க்கெட்ல மீனைப் பொட்டலம் கட்டற மாதிரி இறுக்கி உள்ள அனுப்பிட்டேன். முதல் பத்து நிமிஷம் தலை அசைவைக் காட்டற மோஷன் கிராஃப் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருந்துச்சு, எனக்கு ஒரே பெருமை. இருபத்தஞ்சாவது நிமிஷத்துல கோடு மெதுவா சரிய ஆரம்பிச்சுது, அப்புறம் ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்குச்சு, நாப்பதாவது நிமிஷம், அவசரத்துக்கு எங்களைக் கூப்பிடக் கையில குடுக்கற பந்தை அமுக்கிட்டான். வெளிய எடுத்துக் கேட்டா தலையில ஒண்ணுமே இல்லையாம், இடுப்புதான் விண்ணு விண்ணுனு தெறிக்குதாம், போதாக்குறைக்கு வர்ற வழியில பெரிய பையில ஒரு தே ஓ பெங், பாலில்லாத ஐஸ் டீ, வாங்கிக் குடிச்சுட்டு வந்திருக்கான்.

அன்னைக்கு புரிஞ்சதுதான் இந்தக் கட்டுரை முழுக்க. தலை தானா ஆடறது ரொம்பக் கம்மி, உடம்புல வேற எங்கயோ ஒரு தொந்தரவு, அதுதான் தலையில வந்து தெரியும். அதனால காலிலிருந்து மேல வாங்க, தலையைக் கடைசியா தொடுங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், மெட்டல் செக்கிங், யாரை உள்ள விடலாம் யாரை விடக்கூடாதுங்கறதெல்லாம் ரேடியோகிராஃபர் முடிவு. அவங்க சொன்னா சொன்னதுதான். நான் சொல்றது அதுக்கு அப்புறம் நம்ம கையில இருக்கற வேலையைப் பத்தி.

எவ்வளவு ஆடினா தப்பு?

நீங்க நினைக்கறதை விட ரொம்பக் கம்மி. மூளை வேலை செய்யறதைப் பாக்கற ஃபங்ஷனல் ஸ்கேன்ல ஒரு வாக்ஸல், அதாவது படத்தோட ஒரு குட்டிக் கட்டம், பொதுவா 2-லிருந்து 3 மில்லிமீட்டர். நம்ம ஆள் தலையை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே அந்த வாக்ஸலுக்குள்ள இருக்கற சிக்னல் பக்கத்து வாக்ஸலோட கலந்துடும். மூளையோட எந்தப் பகுதி எதோட சேர்ந்து வேலை செய்யுதுன்னு பாக்கற கனெக்டிவிட்டி ஆய்வுல இது ரொம்ப மோசம். 2012-ல மூணு குழு தனித்தனியா ஒரே விஷயத்தைக் காட்டினாங்க: சின்னச் சின்ன அசைவு கூட பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு நடுவுல தொடர்பு அதிகமா இருக்கற மாதிரியும், தூரத்துல இருக்கறதுக்கு நடுவுல கம்மியா இருக்கற மாதிரியும் பொய்யா காட்டிடுதுன்னு. சின்னப் பசங்களும் வயசானவங்களும் அதிகமா ஆடுவாங்க இல்லையா, அப்ப அசைவுல இருக்கற வித்தியாசத்தையே மூளை வளர்ச்சி, மூளை முதுமைன்னு எழுதிட வாய்ப்பிருக்கு. மூளையோட அமைப்பைக் காட்டற டி1 படத்துலயும் தப்பிக்க முடியாது, ஆடினா கிரே மேட்டரை, அதாவது மூளையோட சாம்பல் நிறப் பகுதியை, இருக்கறதை விடக் கம்மியா அளந்துடும்.

ஃப்ரேம்வைஸ் டிஸ்ப்ளேஸ்மென்ட்னு ஒரு எண் அடிக்கடி காதுல விழும். ஒரு வால்யூமுக்கும், அதாவது ஒரு முழு மூளைப் படத்துக்கும், அடுத்த வால்யூமுக்கும் நடுவுல தலை எவ்வளவு நகர்ந்துச்சுங்கறது, மூணு பக்க நகர்வு, மூணு பக்க சுழற்சி, ஆறையும் கூட்டினது. சுழற்சியை மில்லிமீட்டரா மாத்தறதுக்கு தலையை 50 மில்லிமீட்டர் ஆரம் உள்ள உருண்டையா எடுத்துக்குவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரே ஒரு டிகிரி திரும்பினா கிட்டத்தட்ட 0.87 மில்லிமீட்டர். நிறைய பேர் 0.5-க்கு மேல போன வால்யூமைத் தூக்கிடுவாங்க, கறாரா இருக்கறவங்க 0.2-லயே தூக்கிடுவாங்க. அப்ப ஒரு டிகிரி எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க.

"பின்னாடி சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாமே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார். படத்தை நேரா திருப்பி வைக்கலாம், உண்மைதான். ஆனா தலை நகர்ந்தப்ப காந்தப்புலமே கொஞ்சம் மாறிப்போச்சு, ஸ்லைஸ், அதாவது வெட்டு வெட்டா எடுக்கற படம், வேற இடத்தை எடுத்துடுச்சு, அதெல்லாம் திருப்பி வச்சா திரும்ப வராது.

வர்றதுக்கு முந்தின நாள்

பாதி வேலை ஃபோன்லயே முடிஞ்சிடணும். வாட்ஸ்அப்ல ஒரு ரிமைண்டர் அனுப்புவீங்க இல்ல, அதுல இடம், நேரத்தோட இதையும் போடுங்க: கடைசி ஒரு மணி நேரம் கோப்பி, தே, பபிள் டீ எதையும் லிட்டர் கணக்குல குடிக்க வேணாம், நல்லா தூங்கிட்டு வாங்க, தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்க, கொண்டை போடாம வாங்க. கோப்பியை ஒரேயடியா நிறுத்தச் சொல்லாதீங்க, தினமும் காலையில குடிக்கறவங்களுக்குக் குடிக்கலன்னா தலைவலி வந்துடும், தலைவலியோட படுத்தா ஆடாம எப்படி இருப்பாங்க. கஃபீன் மூளை ரத்த ஓட்டத்தையும் மாத்தும், அதனால உங்க ஸ்டடி புரோட்டகால் என்ன சொல்லுதோ அப்படிப் பண்ணுங்க.

தூக்கம் முக்கியம். இந்த ஊர்ல தூக்கம் பத்தாதவங்கதான் பாதி பேர், அந்தக் குழாய்க்குள்ள இருட்டா சில்லுனு இருந்தா அஞ்சே நிமிஷத்துல கண்ணு சொருகிடும். தூங்கினா ஆடமாட்டாங்கதானேன்னு நினைக்காதீங்க. தூங்கி விழறப்ப கழுத்து தளர்ந்து தலை சாயும், சட்டுனு முழிப்பு வந்து ஒரு உதறு உதறுவாங்க பாருங்க, கிராஃப்ல மரீனா பே வாணவேடிக்கைதான்.

நோன்பு மாசத்துல முஸ்லிம் நண்பர்களுக்கு முடிஞ்ச வரைக்கும் காலை ஸ்லாட் குடுங்க. சாயங்காலம் ஆனா வாய் வறண்டு தொண்டையை விழுங்கி விழுங்கி சரி பண்ணிட்டே இருப்பாங்க, ஒவ்வொரு விழுங்கலும் தாடையை ஆட்டும். சளி இருமல் இருக்கறவங்களை வேற தேதிக்கு மாத்திடுங்க. ஸ்லாட் போச்சேன்னு வருத்தப்பட்டு உள்ள படுக்க வச்சா ஸ்லாட்டும் போகும், டேட்டாவும் போகும்.

நம்மூர் ஆண்ட்டிங்களுக்கு இன்னொரு விஷயம், இதைக் கண்டிப்பா முந்தின நாளே சொல்லணும். தாலியைக் கழட்டணும். ஸ்கேன் ரூம் வாசல்ல நிக்க வச்சு கழட்டுங்கன்னா அவங்க மனசு சங்கடப்படும், அந்தப் பதற்றத்தோடயே உள்ள போவாங்க. முன்னாடியே சொன்னா வீட்டுலயே மஞ்சள் கயிறுல மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிட்டு வந்துடுவாங்க. தாலிச் சங்கிலியில ரெண்டு மூணு ஊக்கு மாட்டி வச்சிருப்பாங்க, தெரியும்ல, அந்த ஊக்குதான் உண்மையான ஆபத்து, தங்கத்தை காந்தம் இழுக்காது, ஊக்கை அம்பு மாதிரி இழுக்கும். மெட்டி, அரைஞாண் கொடி, ஜரிகை வச்ச சேலை எல்லாத்தையும் இதே மாதிரி முந்தின நாளே சொல்லிடணும். துடோங், அதாவது முக்காடு, போடறவங்க இப்ப குட்டிக் காந்த பின் நிறைய வச்சிருக்காங்க, அதைப் பேர் சொல்லிக் கேளுங்க, "மெட்டல் ஏதாவது இருக்கா"ன்னு பொதுவா கேட்டா ஞாபகம் வராது. மாத்திக்க வெறும் காட்டன் துணி ஒண்ணு தயாரா வச்சிருங்க, கூட ஒரு பெண் ஸ்டாஃப் இருக்கட்டும்.

வந்ததும்

வெயில்ல பஸ் ஸ்டாப்லருந்து நடந்து வேர்த்து விறுவிறுத்து வருவாங்க. உடனே உள்ள கொண்டு போகாதீங்க, பத்து நிமிஷம் உக்கார வைங்க. ஈரச் சட்டையோட அந்த ஏர்கான்ல படுத்தா கால் மணி நேரத்துல நடுங்க ஆரம்பிச்சுடுவாங்க. சட்டையை மாத்திடறது நல்லது, ஸ்போர்ட்ஸ் டிஷர்ட்ல சிலதுல வெள்ளி இழை கலந்திருக்கும், அது உள்ள சூடாகி தோலைச் சுடும்.

டாய்லெட். "போகணுமா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. "அங்கிள், டாய்லெட் அந்தப் பக்கம், போயிட்டு வந்துடுங்க, அப்புறம் ஒரு மணி நேரம் முடியாது"ன்னு சொல்லுங்க. எங்க லேப்ல மோஷன் குறைக்கற கருவி எதுன்னு கேட்டா நான் டாய்லெட் கதவைத்தான் காட்டுவேன்.

மாக் ஸ்கேனர், அதாவது படுத்துப் பழகறதுக்கான பொய் ஸ்கேனர், இருந்தா பயன்படுத்துங்க, இல்லன்னா அந்தச் சத்தத்தையாவது ஃபோன்ல போட்டுக் காட்டுங்க. முதல் தடவை படுக்கறவங்க அந்த டக் டக் டக் ஆரம்பிச்சதும் தூக்கி வாரிப் போடுவாங்க, முன்னாடியே கேட்டிருந்தா அந்தத் திடுக் இருக்காது. மூளையில நரம்புப் பாதைகளைப் பாக்கற டிஃப்யூஷன் ஸ்கேன்ல டேபிளே அதிரும், அதையும் சொல்லிடுங்க, இல்லன்னா மெஷின் உடைஞ்சுபோச்சுன்னு நினைச்சுப்பாங்க.

படுக்க வைக்கறது: கால், இடுப்பு, கை

இங்கதான் புதுசா வர்றவங்க அவசரப்படறாங்க. ஆள் படுத்ததும் நேரா தலைப்பக்கம் ஓடாதீங்க.

முட்டிக்குக் கீழ ஒரு தடிமனான தலகாணி, முக்கோணமா இருந்தா இன்னும் நல்லது. கால் நேரா நீட்டிப் படுத்தா இடுப்புக்கும் டேபிளுக்கும் நடுவுல ஒரு வளைவு விழும், அந்த வளைவு அரை மணி நேரத்துல வலிக்க ஆரம்பிக்கும், அதுக்கு அவங்க இடுப்பை ஒரு அங்குலம் தூக்கி இறக்குவாங்க, முதுகெலும்பு வழியா அது அப்படியே தலைக்கு வந்துடும். முட்டி கொஞ்சம் மடங்கினா அந்த வளைவு தட்டையாயிடும். உயரமான ஆளா இருந்தா ரெண்டு தலகாணி. ஒல்லியான வயசானவங்களுக்கு குதிகால் டேபிள்ல அழுந்தும், கணுக்காலுக்கு மேல ஒரு துண்டைச் சுருட்டி வைங்க.

கை ரெண்டும் பக்கத்துல. முழங்கைக்குக் கீழ பேட், ஏன்னா தோளுக்கு ஓய்வு இல்லன்னா கழுத்துக்கும் ஓய்வு இல்ல. கையைக் கோத்துக்கிட்டு வயித்து மேல வைக்க விடாதீங்க, காலைக் குறுக்கப் போடவும் விடாதீங்க, உடம்புலயே ஒரு மின்சுற்று உண்டாகி சுடலாம். கை மெஷின் சுவத்துல படுதுன்னா நடுவுல பேட் வைங்க. ஸ்கிரீனைப் பாத்து பட்டன் பாக்ஸ்ல பதில் அமுக்கற டாஸ்க்கா இருந்தா, விரல் மட்டும் அசைஞ்சா போதுங்கற மாதிரி வச்சு, அங்கயே நாலு தடவை அமுக்கச் சொல்லிப் பாருங்க. முழங்கை தூக்குதுன்னா இடம் தப்பு, ஒவ்வொரு பதிலுக்கும் தோள் ஏறி இறங்கும். டாஸ்க் நேரத்துல வர்ற அசைவு டாஸ்க் சிக்னல் மாதிரியே இருக்கும், பிரிக்கவே முடியாது, அதுதான் எனக்கு ரொம்ப பயம்.

போர்வை ஒண்ணு, கால்ல இருந்து இடுப்பு வரைக்கும், மெல்லிசா. தடிமனா போத்தினா சூடு வெளிய போகாது.

இப்ப தலை

முதல்ல காது. ஸ்கேனர் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும், இயர்பிளக் சரியா போகலன்னா ஆள் நிம்மதியா இருக்கவே மாட்டாங்க. நல்லா உருட்டி மெல்லிசாக்கி, காதை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் விரலால பிடிங்க. அப்புறம் ஹெட்ஃபோன். ஹெட்ஃபோன் போட்டதும் காது மடல் மடிஞ்சிருக்கான்னு உங்க விரலை விட்டுப் பாருங்க. மடிஞ்ச காது முதல் நிமிஷம் ஒண்ணும் தெரியாது, இருபதாவது நிமிஷம் நரகம். நானே ஒரு பைலட்ல, அதாவது சோதனை ஸ்கேன்ல, படுத்து அனுபவிச்சேன், அதுக்கப்புறம் யார் காதையும் செக் பண்ணாம விட்டதில்ல.

அடுத்து பிடறி. தலையோட கனம் முழுக்க பின் மண்டையில ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்துல இறங்கும். அடியில இருக்கற ஃபோம் தட்டையா தேஞ்சு போயிருந்தா மாத்துங்க, அது எந்த லேப்லயும் யாரும் கவனிக்காத விஷயம். பின்னல், கொண்டை, ரப்பர் பேண்ட் முடிச்சு எதுவும் அடியில மாட்டக்கூடாது, முடியைப் பிரிச்சு ஒரு பக்கமா எடுத்து விடுங்க. கழுத்துக்குக் கீழ இருக்கற காலி இடத்துல ஒரு சின்னத் துண்டு. இது ரொம்ப உதவும். தைப்பூசம் முடிஞ்ச வாரம் மொட்டை போட்ட தம்பிங்க ரெண்டு மூணு பேர் வருவாங்க, முடி இல்லாத தலை காயில்ல, அதாவது சிக்னல் வாங்கறதுக்காக தலையைச் சுத்தி மாட்டற கூண்டுல, கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும், வழக்கத்தை விட ஒரு பேட் கூட வேணும்.

தாடையைப் பாருங்க. ரொம்ப மேல தூக்கியிருந்தா கழுத்து வலிக்கும், ரொம்ப கீழ இருந்தா விழுங்கறதுக்கு கஷ்டம். நெத்தியும் தாடையும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

இப்பதான் பக்கவாட்டு பேட். காதுக்கு மேல, நெற்றிப்பொட்டுக்கும் தாடைக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரே அளவா. அளவு எப்படித் தெரியும்னா, பேட் வச்சதும் உங்க விரலை நடுவுல விட்டா கஷ்டப்பட்டுப் போகணும், ஆனா போகணும். போகவே இல்லன்னா இறுக்கம் ஜாஸ்தி. காத்தடிக்கற பேட் இருந்தா, மெதுவா பம்ப் பண்ணிக்கிட்டே "போதும்னா சொல்லுங்க"ன்னு கேளுங்க, அவங்க போதும்னு சொன்னதும் அரை பம்ப் குறைச்சுடுங்க. முதல் நிமிஷத்துல சொகமா தெரியற இறுக்கம் அரை மணி நேரம் கழிச்சு சொகமா இருக்காது. 32 சேனல் காயில் 20 சேனலை விட இறுக்கமா இருக்கும், பெரிய தலைக்கு அதுல பேட் வைக்க இடமே இருக்காது, சில சமயம் அதுவே போதும்.

நெத்தியில டேப். இது நான் ரொம்ப நம்பற விஷயம். மைக்ரோபோர் மாதிரி மெடிக்கல் டேப்பை காயிலோட ஒரு பக்கத்துல ஒட்டி, நெத்தி மேல தொடற மாதிரி கொண்டு போய், மறு பக்கத்துல ஒட்டறது. இது தலையைப் பிடிச்சு வைக்கறதுக்கு இல்லைங்கறதை நல்லா புரிஞ்சுக்கோங்க. தலை துளி நகர்ந்தாலும் தோலை லேசா இழுக்கும், உடனே ஆளுக்கே தெரிஞ்சிடும், "ஓ, நகர்ந்துட்டேன்"னு. 2019-ல வந்த ஒரு ஆய்வுல இப்படி ஒட்டினதுலயே நகர்வும் சுழற்சியும் குறைஞ்சதைக் காட்டியிருந்தாங்க. ரெண்டு டாலர் டேப். எண்ணெய் பிசுக்கு இருந்தா ஒட்டாது, ஆல்கஹால் ஸ்வாபால துடைச்சிட்டு ஒட்டுங்க. பொட்டு, குங்குமம், விபூதி இருந்தா துடைக்கலாமான்னு கேட்டுட்டு துடைங்க, கேக்காம கை வைக்காதீங்க. புருவத்துல ஒட்டிடாதீங்க, எடுக்கறப்ப சாபம் விழும்.

கண்ணாடியை, அதாவது காயில் மேல இருக்கற மிரரை, இப்பவே சரி பண்ணுங்க. இதை மறந்துட்டா நீங்க வச்ச எல்லா பேடும் வீண். ஸ்கிரீன் பாதிதான் தெரியுதுன்னா எந்த மனுஷனும் தாடையைத் தூக்கித்தான் பார்ப்பான். கிட்டப்பார்வை இருக்கறவங்களுக்கு பிளாஸ்டிக் ஃப்ரேம்ல பவர் லென்ஸ் மாட்டிக் குடுங்க. நம்ம ஊர்ல பத்துப் பேர்ல பாதிப் பேருக்கு மேல கண்ணாடிதான், அதனால லென்ஸ் பெட்டி எங்க இருக்குன்னு முதல் நாளே தெரிஞ்சுக்கோங்க.

உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி கடைசிக் கேள்வி: "எங்கயாவது குத்துதா, அழுத்துதா, அரிக்குதா?" அதுக்கு "பரவால்ல", "ஓகே லா"ன்னு பதில் வந்தா, வலிக்குதுன்னு அர்த்தம். பிரிச்சுப் பாருங்க. மூக்கு அரிச்சா இப்பவே சொறிஞ்சுக்கச் சொல்லுங்க.

என்ன சொல்றது, எப்படிச் சொல்றது

"அசையாதீங்க, அசையாதீங்க"ன்னு பத்து தடவை சொன்னா ஆள் விறைச்சுப் போயிடுவாங்க, மூச்சைப் பிடிச்சுக்குவாங்க, கழுத்து நடுங்கும். நான் தமிழ் பேசற பெரியவங்ககிட்ட இப்படிச் சொல்லுவேன்: "அம்மா, தலையை நீங்க பிடிச்சு வச்சுக்க வேணாம், அரிசி மூட்டையை இறக்கி வச்ச மாதிரி பாரமா விட்டுடுங்க, தலகாணி பாத்துக்கும். எச்சில் விழுங்கலாம், கண்ணு சிமிட்டலாம், மூச்சு சாதாரணமா விடுங்க. இருமல் வந்தா சத்தம் நிக்கற வரைக்கும் பொறுத்துப் பாருங்க, முடியலன்னா இருமிடுங்க, தப்பில்ல. பயமா இருந்தா இந்தப் பந்தை அமுக்குங்க, நான் உடனே வந்துடுவேன்." அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். வெளிய வரலாம்னு தெரிஞ்சவங்கதான் உள்ள நிம்மதியா இருப்பாங்க. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாங்கறது கன்சென்ட் ஃபார்ம்லயே இருக்கற உரிமை, அதை வாய்விட்டுச் சொல்றதுல நமக்கு நஷ்டம் இல்ல.

மூச்சு பத்தி ஒரு துணுக்கு. ஆழமா மூச்சு விடறப்ப தலை ஆடாமலே கிராஃப்ல அலை அலையா வரும், நெஞ்சு விரியறதுல காந்தப்புலம் கொஞ்சம் மாறி படம் நகர்ந்த மாதிரி தெரியறதுதான் அது. அதைப் பாத்துட்டு ஆளைத் திட்டாதீங்க.

அப்புறம் நம்மாளுங்களுக்கே உரிய பிரச்சனை ஒண்ணு இருக்கு, தலையாட்டறது. இன்டர்காம்ல "சரிங்களா?"ன்னு கேட்டதும் மேல கீழயும் இல்லாம பக்கவாட்டுலயும் இல்லாம ஒரு ஆட்டு ஆட்டுவாங்க பாருங்க, மூணு சுழற்சியும் ஒரே நேரத்துல. அதனால முன்னாடியே ஒப்பந்தம் போட்டுக்கோங்க, ஆமான்னா பட்டன் ஒரு தடவை, இல்லன்னா ரெண்டு தடவை. வாயால பதில் சொல்ற மாதிரி கேள்வி கேக்காதீங்க.

ஓடும்போது

முக்கியமான ரன்னை, அதாவது நடுவுல நிறுத்தாம ஓடற ஒரு ஸ்கேனை, முன்னாடி வைங்க, நேரம் ஆக ஆக எல்லாரும் ஆடத்தான் செய்வாங்க. ஒரு ரன் அஞ்சிலிருந்து எட்டு நிமிஷம், அதுக்கு மேல நீட்டாம இருந்தா நல்லது. டி1 மாதிரி டாஸ்க் இல்லாத ஸ்கேன்ல ஒரு அமைதியான படம் போடுங்க, சும்மா படுத்திருக்கறதை விட படம் பாக்கறப்ப, குறிப்பா பசங்க, கம்மியாதான் ஆடுவாங்க. காமெடி வேணாம். நான் ஒரு தடவை வடிவேலு கிளிப் போட்டுட்டேன், அந்த டி1-ஐப் பாத்தா ரெண்டு மண்டை தெரியுது.

ரன் முடிஞ்சதும் நல்லதைச் சொல்லுங்க: "ரொம்ப நல்லா வந்திருக்கு, அடுத்தது ஆறு நிமிஷம்." எவ்வளவு நேரம் பாக்கின்னு தெரியாததுதான் உள்ள இருக்கறவங்களை ரொம்பப் படுத்தும். நடுவுல "ரிலாக்ஸ் பண்ணுங்க"ன்னு சொல்லிடாதீங்க, சோம்பல் முறிப்பாங்க, தலை வேற இடத்துக்குப் போயிடும், எடுத்து வச்ச ஃபீல்ட் மேப், அதாவது காந்தப்புலம் எங்க எப்படி இருக்குன்னு காட்டற படம், அதுக்கப்புறம் பொருந்தாது. போயிடுச்சுன்னா ரேடியோகிராஃபர்கிட்ட சொல்லி, தலை எங்க இருக்குன்னு பாக்க முதல்ல எடுக்கற லோக்கலைசரும் ஃபீல்ட் மேப்பும் திரும்ப எடுங்க, சோம்பேறித்தனம் பண்ணாதீங்க.

கோடு மெதுவா சரியுதுன்னா தலை ஃபோம்ல இறங்குது, அல்லது ஆள் தூங்கறாங்க. திடீர் குத்து குத்தா வந்தா இருமல், விழுங்கல், குளிர். டாஸ்க்கோட சேர்ந்து வந்தா பட்டன் பாக்ஸ். நாப்பது நிமிஷம் தாண்டி எல்லாம் சேர்ந்து வந்தா, டாய்லெட்.

பசங்களும் தாத்தா பாட்டிங்களும்

இங்க கஸ்டோங்கற தாய்-சேய் ஆய்வு 2009-ல ஆரம்பிச்சது, கேகே, என்யூஹெச் ஆஸ்பத்திரி ரெண்டுலயும் கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவங்க பிள்ளைங்களை குழந்தையிலிருந்தே எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க, அதனால சின்னப் பசங்களை மயக்கம் குடுக்காம ஸ்கேன் பண்றது முடியாத காரியம் இல்ல. பசங்களுக்கு ரூலா சொல்லாதீங்க, விளையாட்டா சொல்லுங்க. "ஐஸ் அண்ட் வாட்டர் ஆடுவீங்கல்ல, சத்தம் வர்ற வரைக்கும் நீ ஐஸ், சத்தம் நின்னா வாட்டர்"னு சொன்னா அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் பிடிபடும். மாக் ஸ்கேனர்ல ரெண்டு தடவை பழக்கினா அன்னைக்கு பாதி பயம் போயிருக்கும். அம்மாவோ அப்பாவோ ரூமுக்குள்ள இருக்கலாம்னா, அவங்களுக்கும் முழு மெட்டல் செக்கிங், அப்புறம் கால்ல கை வச்சுக்கிட்டு சும்மா நிக்கச் சொல்லுங்க, பேச்சு குடுக்கக்கூடாது.

பெரியவங்ககிட்ட முக்கியமா கூன் பாருங்க. முதுகு வளைஞ்சவங்க தலை டேபிளைத் தொடாது, அந்தரத்துல தொங்கும், கழுத்துதான் தாங்கிட்டிருக்கும். தலைக்குக் கீழ கூட பேட் வச்சு நிரப்புங்க. அதுக்கப்புறம் காயில் மூடி மூடலன்னா பெரிய காயிலுக்கு மாறுங்க, அதுவும் முடியலன்னா அன்னைக்கு நன்றி சொல்லி, டிரான்ஸ்போர்ட் காசு குடுத்து அனுப்பிடுங்க. அழுத்தி மூடற வேலை வேணவே வேணாம். கழட்டற பல்செட்டை வெளிய வச்சுடச் சொல்லுங்க. வீட்டுல டயலக்ட் மட்டும் பேசற சீன ஆண்ட்டிங்க வந்தா பேசத் தெரிஞ்ச சகாவைக் கூப்பிட்டுக்கோங்க, சைகையில விளக்கினா அவங்களும் சைகையிலதான் பதில் சொல்லுவாங்க, உள்ள படுத்துக்கிட்டு.

வாங்கச் சொல்லி கேக்கறவங்களுக்கு

பைட் பார், அதாவது பல் அச்சு எடுத்து அதைக் கடிச்சுக்கிட்டு படுக்கறது, தலையை நல்லா பிடிக்கும், ஆனா எச்சில் ஒழுகும், தாடை வலிக்கும், வாந்தி வந்தா ஆபத்து. ரேடியோதெரபில போடற முகமூடியும் அப்படித்தான், கேன்சர் சிகிச்சைக்கு நியாயம், நூறு டாலருக்கு வர்ற காலேஜ் பசங்களுக்கு நியாயமா? ஒவ்வொருத்தர் தலையையும் 3டி-ல அளந்து செதுக்கற ஃபோம் அச்சு பத்தி 2019-ல ஒரு குழு அசைவு நல்லா குறையுதுன்னு எழுதினாங்க, 2020-ல இன்னொரு குழு, படம் பாக்கற மாதிரியான ஆய்வுல பெருசா உதவலன்னு எழுதினாங்க. காசு இருந்தா முயற்சி பண்ணலாம். காசு இல்லன்னா புது ஃபோம், ரெண்டு முட்டித் தலகாணி, ஒரு பெட்டி டேப். ரியல் டைம்ல மோஷன் காட்டற சாஃப்ட்வேர் கிடைச்சா விடாதீங்க, அது மட்டும் உண்மையாவே வேலையை மாத்திடும், ஸ்கேன் முடிஞ்சு மறுநாள் அழறதுக்குப் பதிலா அந்த நிமிஷமே திரும்ப எடுக்கலாம்.

வெளிய எடுக்கறப்ப

டேபிள் மெதுவா வரட்டும். 3 டெஸ்லாங்கறது பூமியோட காந்தத்தை விட அறுபதாயிரம் மடங்கு, அதுக்குள்ள தலை வேகமா நகர்ந்தா சிலருக்கு கிர்ருனு சுத்தும். டேப்பை ஒரு ஓரத்துலருந்து தோலைப் பிடிச்சுக்கிட்டு பொறுமையா எடுங்க. காத்து பேடை முதல்ல இறக்கிட்டு அப்புறம் காயிலைத் திறங்க. உடனே எழுப்பி உக்கார வைக்காதீங்க, ஒரு நிமிஷம் படுக்கட்டும், அப்புறம் பக்கவாட்டுல திரும்பி எழுந்திருக்கட்டும், தாத்தா பாட்டின்னா நீங்க கையைப் பிடிச்சுக்கோங்க.

அவங்க செருப்பு மாட்டறதுக்குள்ள கேளுங்க, எங்க வலிச்சுது, எப்ப ஆரம்பிச்சுதுன்னு. லிஃப்ட்டுக்குப் போயிட்டா மறந்துடுவாங்க. அதை நோட்டுல எழுதி வைங்க, ஆள் நம்பருக்கு நேரா, பேர் வேணாம்: எந்த காயில், எந்தப் பேட் எத்தனை, மிரர் எந்த இடம், முட்டித் தலகாணி ஒண்ணா ரெண்டா, இடது காது அழுந்துச்சு, கடைசி ரன்ல குளிர்ந்துச்சு. அடுத்த வருஷம் ஃபாலோ-அப்புக்கு அதே ஆள் வருவாங்க, அன்னைக்கு நீங்க லேப்ல இருக்க மாட்டீங்க, வேற யாரோ ஒரு புதுசு அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்துட்டு பேட் எடுத்து வைக்கும்.